அக்கரைப் பிள்ளைகளின் பாடப்புத்தகம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பது பிலிகுண்டுலுவில் தெரிந்துவிடும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று சேதி வரும். கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். “அக்கா, தண்ணி ஜாஸ்தி. கலெக்டர் ஆபீசுல நிறுத்தச் சொல்லிட்டாங்க. மாமன் வீட்டுக்கு இன்னொரு நாள் போங்க” என்பார் பரிசல்காரர். மூங்கில் பிளாச்சில் பின்னித் தார் பூசிய பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். நான் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிப்பேன்.

மாமன் வீடு அக்கரையில், கர்நாடகத்தில். 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூரோடு போய்விட்டது. ஆட்சிமொழி மாறியது, கோபிநத்தம், மார்ட்டள்ளிப் பக்கம் வீட்டுப் பேச்சு மாறவில்லை. இக்கரையிலும் இதே கதைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் கன்னடமும் தெலுங்கும்தான் புழங்குகின்றன.

மாமன் பேத்தி வாய் நிறையத் தமிழ் பேசுவாள்; எழுத்து என்றால் அவளுக்குக் கன்னடம். வாட்ஸ்அப்பில் என்னை நலம் விசாரிப்பதே கன்னட எழுத்தில்தான், மொழி மட்டும் தமிழ். எனக்குப் படிக்க வராது என்று தெரிந்ததும் குரலிலேயே அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். அவள் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகையை இரண்டு எழுத்திலும் அடித்தார்கள். இல்லாவிட்டால் பாதிச் சொந்தத்துக்கு முகூர்த்த நேரமே தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளி முழுக்க 40 பேரோ சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் இருந்தால், தொடக்கக் கல்வியை அவர்கள் தாய்மொழியில் சொல்லித்தர ஆசிரியர் போட வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் பேசி முடித்தார்கள். 1956-ல் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு வந்தது. 1959-ல் தென்மண்டலக் குழுவில் உட்கார்ந்து தென்மாநிலங்களும் மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளை ஒப்புக்கொண்டன. அவற்றைக் கண்காணிக்க மத்திய அரசில் ஓர் ஆணையரும் உண்டு. அவர் அறிக்கை தரலாம். எந்த மாநிலத்துக்கும் உத்தரவு போட முடியாது.

தண்ணீருக்கு அப்படி இல்லை. சண்டை போட்டே ஆனாலும் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டு ஜூனில் மேலாண்மை ஆணையமும் வந்தது. குடிநீருக்கும் இழுபறிதான். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் ஆட்கள் பலரின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அதைத் தீர்க்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1998-லேயே கர்நாடகம் சம்மதம் சொல்லியிருந்தது. ஆனாலும் 2008-ல் அடிக்கல் நாட்டியபோது எல்லையில் போராட்டம். ஜப்பான் கடனில் கட்டி முடித்து 2013-ல்தான் திறந்தார்கள்.

அயர்லாந்துத் தீவில் மொழிக்கும் தண்ணீருக்குமான ஏற்பாடுகள் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினார்கள் என்று படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. 1998 உடன்படிக்கையின்படி வடக்கும் தெற்கும் சேர்ந்து நடத்த ஆறு அமைப்புகள். 1999 டிசம்பர் 2 முதல் செயல்பாட்டுக்கு வந்தன. அதில் ஒன்று மொழிக்கு: ஐரிஷுக்கும் அல்ஸ்டர் ஸ்காட்ஸுக்கும். இன்னொன்று உள்நாட்டு நீர்வழிகளுக்கு, என்னிஸ்கில்லனில் தலைமையகம். அங்கே படகுகள் எல்லையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஷானன் ஆற்றையும் எர்ன் ஆற்றையும் இணைக்கும் பழைய கால்வாயை 1994-லேயே திறந்துவிட்டார்கள். வடக்கில் ஆட்சி முடங்கிய ஆண்டுகளிலும் இந்த அலுவலகங்களை யாரும் இழுத்துப் பூட்டவில்லை. அங்கே நடுவில் இருப்பது இரண்டு தனி நாடுகளின் எல்லை வேறு! நமக்கோ ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம்.

நம் இரு அரசுகளுக்கும் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வீரப்பனைத் தேட இரண்டு போலீசும் சேர்ந்து காடு முழுக்க அலைந்தது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 2009 ஆகஸ்டில் பெங்களூரில் பதினெட்டு வருஷமாக மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. இரண்டு முதல்வர்களும் இரண்டு விழாவிலும் இருந்தார்கள். நல்ல காரியம்தான். அந்தக் கையோடு, ஆற்றின் இரு கரையிலும் எந்தெந்தப் பள்ளியில் அந்தப் பத்துப் பேர், நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று இரண்டு கல்வித்துறையும் சேர்ந்து ஒரு பட்டியல் எடுத்திருக்கலாம். மாமன் பேத்தி அப்போது பிறக்கக்கூட இல்லை. இப்போது எடுத்தால் அவள் தம்பிக்காவது உதவும். அவன் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு.