லைக் வந்தால் போதுமா? ஆன்லைன் கடைக்கு விளம்பரம் எங்கே கொடுப்பது?



சூளகிரி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் வாங்கிய ஓர் உறுப்பினர் இரண்டு தவணை கட்டவில்லை. காரணம் கேட்டோம். "செல்போன்ல சேலை விக்கலாம்னு விளம்பரத்துக்குப் பணம் கட்டினேன் மேடம். லைக் நிறைய வந்துச்சு, கையில காசுதான் நிக்கல" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரத்தை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரை.

இது என்ன வியாபாரம்?

இதை டிராப்ஷிப்பிங் என்கிறார்கள். நாம் சரக்கு வாங்கி அடுக்கி வைப்பதில்லை. சேலைப் படத்தைக் காட்டி ஆர்டர் பிடிக்கிறோம். சூரத்திலோ வேறு ஊரிலோ உள்ள மொத்த வியாபாரி நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புகிறார். நடுவில் உள்ள லாபம் நமக்கு.

2015ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ நிறுவனம் ஆரம்பத்தில் இப்படித்தான் வளர்ந்தது. பெண்கள் பலர் அதன் படங்களை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர், தோழிகளுக்கு அனுப்பி, தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்றார்கள். விளம்பரச் செலவு கிடையாது. தெரிந்தவர் சொன்னார் என்ற நம்பிக்கையே விளம்பரம். இன்று அதே செயலியில் மக்கள் நேராகவே வாங்குகிறார்கள். ஆகவே முதல் வேலை: நீங்கள் விற்கும் அதே சேலை அங்கே என்ன விலை என்று பாருங்கள். அங்கே குறைவாக இருந்தால், அந்தச் சேலைக்கு எங்கே விளம்பரம் செய்தாலும் வீண்.

எந்த இடம் எதற்கு?

1. வாட்ஸ்அப் பிசினஸ்: இலவசம். பொருட்களைப் படம், விலையோடு கேட்டலாக் ஆகப் போடலாம். தெரிந்தவர்களிடம் விற்க ஏற்றது. இங்கேதான் தொடங்க வேண்டும்.

2. பேஸ்புக், இன்ஸ்டாகிராம்: சும்மா படம் பார்த்துக் கொண்டிருப்பவர் கண்ணில் நம் சேலை படும். அவர் வாங்க வந்தவர் இல்லை. பார்த்தவுடன் பிடிக்கிற பொருளுக்கு இது உதவும். விளம்பரம் போடும்போது உங்கள் நோக்கம் என்ன என்று கேட்கும். லைக் என்று கொடுத்தால் லைக் போடுகிறவர்களுக்கே காட்டும். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரவேண்டும் என்று கொடுங்கள்.

3. கூகுள்: ஒருவர் தேடும்போது விளம்பரம் வரும். வாங்கும் எண்ணம் உள்ளவர் கிடைப்பார். ஆனால் சேலை போன்ற பொருளுக்குப் பெரிய கடைகளோடு போட்டி. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. பெரும்பாலும் வலைத்தளமும் வேண்டும். முதல்முறை செய்பவருக்கு இது வேண்டாம்.

நம் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை

ஓசூரைச் சுற்றி 40 கிலோமீட்டர் என்று போட்டால் அத்திப்பள்ளி மட்டுமல்ல, பெங்களூரின் பெரும்பகுதியும் உள்ளே வந்துவிடும். பார்ப்பவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. இன்னொன்று, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். வெளிமாநில வாடிக்கையாளருக்கு விற்றால், சில கைவினைப் பொருட்கள் தவிர, சின்ன வியாபாரத்துக்கும் பதிவு வேண்டும். ஆகவே ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்து, கர்நாடகப் பகுதியை நீக்கி விடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, சேலை விற்பது ரூ.650. மொத்த வியாபாரிக்கு ரூ.450, கூரியர் ரூ.80. மிச்சம் ரூ.120. விளம்பரத்துக்கு ரூ.1,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.180. ஆக ரூ.1,180.

வந்த ஆர்டர் 10. அதில் 3 திரும்பி வந்துவிட்டது. 7 சேலையில் லாபம் ரூ.840. திரும்பிய மூன்றுக்கும் போக வரக் கூரியர் ரூ.480. விளம்பரமும் கூரியரும் சேர்ந்து செலவு ரூ.1,660. ரூ.840 கழித்தால் நஷ்டம் ரூ.820!

பத்து ஆர்டர் வந்தும் கைக்காசு போகிறது. அதே 7 சேலையை வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு விற்றிருந்தால் ரூ.840 முழுசாக நம் கையில். ஆகவே லைக்கையும் ஆர்டரையும் எண்ணாதீர்கள். வீடு சேர்ந்து, பணம் வந்த சேலையை எண்ணுங்கள்.

நினைவில் வையுங்கள்

• முதலில் வாட்ஸ்அப்பில் விற்றுப் பாருங்கள். அங்கே விற்காத பொருள் விளம்பரத்திலும் விற்காது.
• விளம்பரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். விற்ற லாபத்தில் ஒரு பகுதியை மட்டும் போடுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் விளம்பரம். தினசரி வரம்பு வைத்து, ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள்.
• முன்பணம் வாங்கி அனுப்பினால் திரும்பி வருவது குறையும்.
• "நாங்களே விளம்பரம் போட்டுத் தருகிறோம்" என்று போனில் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஏமாந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

அந்த உறுப்பினரோடு உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டோம். இப்போது சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் தெரிந்த பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் விற்கிறார். நின்ற தவணையில் ஒன்றைக் கட்டிவிட்டார். "முதல்லயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்" என்கிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தங்கள் பொருளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.