மார்கழியில் வெளிப்படும் கற்கரை

மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். சிவசமுத்திரத்திற்கும் திருவரங்கத்திற்கும் மேலே, ஆற்றின் போக்கில் முதலாவதாகப் பள்ளிகொண்டிருப்பதால் இவ்வூர்ப் பெருமாளை ஆதிரங்கன் என்பர். கோயிலையும் கோட்டையையும் கண்டதும் திரும்பிவிடுவோரே மிகுதி. ஒரு பகல் முழுதும் கிடைத்தால் ஆற்றையும் பாருங்கள்.

காலையில் அருகிலுள்ள ரங்கனதிட்டு. 1640களில் காவிரியின் குறுக்கே எழுப்பப்பட்ட தடுப்பணையால் இங்குள்ள திட்டுகள் உருவாயின. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வற்புறுத்தலால் 1940இல் இது சரணாலயமாயிற்று. வனத்துறைப் படகில் செல்கையில் நாரைகளோடு, பாறைமேல் வெயில் காயும் முதலைகளையும் காணலாம்.

பிற்பகலில், தீவின் கிழக்கு முனையிலுள்ள சங்கமம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளத்துள் மறைந்துகிடக்கும் பாறைகளும், நீர் உருட்டித் தேய்த்த கற்களும் மார்கழி, தை மாதங்களில் வெளிப்படும். பிரிந்த கிளைகள் மீண்டும் கூடுவதை அக்கற்களின்மேல் அமர்ந்தே பார்க்கலாம். பரிசலேறுவோர் உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்குக, கட்டணத்தையும் முன்னரே பேசிக்கொள்க (வங்கியாளரின் பழக்கம், பொறுத்தருள்க!).

ஆற்றின் இந்த அமைதியை நம்பி நீரில் இறங்குதல் மட்டும் தகாது. மேலே கிருஷ்ணராஜசாகர் அணையில் மதகு திறக்கப்பட்டால், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே நீர் உயரும். பாசி படர்ந்த கற்களுக்கிடையே ஆழமான மடுக்களும் உண்டு. காலையில் முதலைகளைக் கண்டுவந்த என் மகன், மாலையில் கால் நனைக்க வேண்டுமெனக் கேட்கவேயில்லை.