எக்கோ மெசின் கரகரத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது எமது மக்கள் கையில் எடுத்தவை சொற்பம். சிலர் மண்வெட்டி, இறைப்பு மெசினோடு ஊர்ப் பொது ஒலிபெருக்கிச் செற்றையும் ஏற்றிவந்து, மருதனார்மடம், உடுவில், சுன்னாகம் பக்கத்து உறவினர் வீடுகளில் வைத்தார்கள். 2009இன் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட, அந்தப் பெட்டிகளும் மூலைகளிலிருந்து வெளியே வருகின்றன.

அண்மையில் மருதனார்மடம் சந்திக்கு அருகே தங்கியுள்ள இளைஞர் சிலர் அப்படியான பழைய எக்கோ மெசின் ஒன்றை எம்மிடம் கொண்டுவந்தனர். கூத்து ஒத்திகையில் பாடுவோர் குரல் கரகரத்ததாம். “இது முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று ஒருவர் சொல்லிவிட்டார். கடன் எடுக்கவும் யோசித்திருந்தனர். நாம் பார்த்தபோது பிழை மெசினில் இல்லை. இணைத்த விதத்தில் இருந்தது.

கரகரப்பு எப்படி உண்டாகிறது?

ஒலி மைக்கிலிருந்து எக்கோ மெசினுக்கும், அதிலிருந்து அம்பிளிபயருக்கும், பின் ஒலிபெருக்கிக்கும் போகிறது. கிணற்றிலிருந்து வாய்க்கால் வழியே பாத்திக்கு நீர் போவது போலத்தான். வாய்க்கால் கொள்வதற்கு மேல் நீர் வந்தால் வரம்பு மீறி வழியும். ஒலியலை அப்படி வழிய முடியாது. அதன் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிறது. அதுவே எம் காதில் கரகரப்பு.

பழைய எக்கோ மெசினுக்குள் ஒரு காந்த நாடா வளையமாக ஓடுகிறது. ஒரு தலை குரலைப் பதிய, அடுத்த தலைகள் சற்றுப் பிந்தி அதை வாசிக்கின்றன. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ ஆர்.ஈ.201இல் வாசிக்கும் தலைகள் மூன்று. எனவே நேர்க்குரல், நாடாவில் திரும்பும் குரல் என இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியில் கலக்கம் என்று பிரித்தறிவதே பாதி வேலை.

வரிசையாகப் பார்ப்போம்

1. எக்கோ மெசினைக் கழற்றிவிட்டு மைக்கை நேரே அம்பிளிபயரில் கொடுங்கள். அப்போதும் கரகரத்தால் மெசின் குற்றவாளி அல்ல. மைக், வயர், அம்பிளிபயர், கிழிந்த ஒலிபெருக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

2. நேரே கொடுத்தபோது தெளிவாயின், மெசினை மீண்டும் இணைத்து உள்வரும் அளவைக் குறையுங்கள். அளவு காட்டும் முள் சிவப்பில் நிற்கக்கூடாது. மிக்சரிலிருந்து வரும் பலத்த ஒலியை மைக்குக்கான துளையில் செருகினால் நிச்சயம் கரகரக்கும். அந்த இளைஞர்கள் செய்த பிழை இதுவே.

3. எக்கோவின் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நேர்க்குரல் தெளிவாக இருந்து எக்கோ மட்டும் கெட்டிருந்தால் நாடாவையும் தலைகளையும் பாருங்கள். மந்தமாகக் கேட்டால் தலையில் அழுக்கு அல்லது நாடா தேய்வு. குரல் தள்ளாடினால் நாடாவை அழுத்தும் இறப்பர் உருளையில் பழுது. பிளக்கைக் கழற்றியபின் தலைகளை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். இறப்பரில் அது வேண்டாம், இறப்பர் காய்ந்துபோகும். எக்கோ பெருகிப் பெருகி இரைச்சலானால், திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் திருகை இறக்குங்கள்.

4. திருகைச் சுற்றும்போது மட்டும் சரசரத்தால் உள்ளே தூசு. சிறு குரலிலும் ஓயாமல் கரகரத்தாலோ, இடைவிடாது ‘ம்ம்’ என்று உறுமினாலோ உள்ளேயுள்ள கொள்ளளவிகள் காய்ந்திருக்கலாம், கசியலாம். பல ஆண்டு மூலையில் கிடந்த பெட்டிகளில் இது சாதாரணம். உரிய தொழில் தெரிந்தவர் சில கொள்ளளவிகளை மாற்றினால் போதுமாயிருக்கும். முழுப் பெட்டியையும் எறிய வேண்டியதில்லை.

5. மின்சாரத்தையும் பாருங்கள். ஜெனரேற்றரில் வோல்ற் குறைந்தால் வரம்பே தாழ்ந்துவிடும். வழக்கமான குரலும் வெட்டுப்படும். ஜப்பானில் விற்கவெனச் செய்த பெட்டி 100 வோல்ற்றுக்கு உரியது. எமது 230 வோல்ற்றில் நேரே கொடுத்தால் எரிந்துபோகும். பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதை வாசித்த பின்பே செருகுங்கள்.

கவனம்

மூடியைத் திறப்பது பழகாத கைகளுக்குரிய வேலையன்று. வால்வு அம்பிளிபயர்களில் பல நூறு வோல்ற் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருந்து உயிரைக் கொல்லும். உறுமலை நிறுத்துவதற்காக மண்ணோடு இணைக்கும் வயரை ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுபவர் பிள்ளையாக இருக்கலாம்.

1990களில் மின்சாரம் இன்றி, பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். காசில்லாத இடத்தில் யோசனையைக் கொண்டு சமாளித்தோம். அந்த யோசனை இன்றும் வேண்டும். ஒருவர் “முடிந்துவிட்டது” என்றதும் கடனுக்கு ஓடாமல், ஒரு மாலைப்பொழுது இருந்து, மைக்கிலிருந்து ஒலிபெருக்கி வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். அந்த இளைஞர்கள் வயரை இடம் மாற்றிச் செருகினார்கள். நாடாத் தலைகளைத் துடைத்தார்கள். அன்று மாலையே ஒத்திகை நடந்தது. கடன் விண்ணப்பம் எழுதப்படாமலே போயிற்று.