பட்டியலில் பெயரா, சங்கத்தில் அங்கத்துவமா?

மண் சரிந்தோ வெள்ளம் புகுந்தோ ஒரு குடும்பம் இருந்த இடத்தை விட்டு எழும்பினால், அதன் பெயர் பல பட்டியல்களில் ஏறுகிறது. கிராம சேவையாளரிடம் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, தோட்டக் கந்தோரில் ஒன்று, பங்குத்தந்தையிடம் இன்னொன்று. 2003 மே மாத வெள்ளத்தையும் 2017 மே மாத அனர்த்தத்தையும் கண்ட இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டியலால் உலர் உணவும் கூடாரமும் கிடைக்கும். பயிர்செய்ய ஒரு துண்டு நிலம், பாதை, தண்ணீர், காணி உறுதி ஆகியவை அப்படிக் கிடைப்பதில்லை. அவற்றுக்கு நாலைந்து நிறுவனங்கள் ஒன்றாக இயங்க வேண்டும். அவர்கள் கூடும் மேசையில் நமக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.

அந்த ஆசனம் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு நமது சப்ரகமுவ மாகாணத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இலங்கையில் 1906ஆம் ஆண்டிலிருந்தே உள்ளவை. காலப்போக்கில் அவற்றில் பல பெயரளவில் மட்டுமே இருந்தன. 1978இல் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த பி. ஏ. கிரிவந்தெனிய அவற்றுக்குப் புத்துயிர் கொடுக்கத் தொடங்கினார். இன்று 'சணச' என்று நாம் அழைப்பது அந்த இயக்கத்தைத்தான். சங்கங்களின் தொகை பின்னர் எட்டாயிரத்தைத் தாண்டியது. 1997இல் அவற்றுக்கென ஓர் அபிவிருத்தி வங்கியும் உருவானது.

அதன் அமைப்பு எளிது. கிராமத்தில் ஒரு சங்கம், அயலவர்களே அங்கத்தவர்கள். முதலில் சேமிப்பு, பிறகே கடன். கடன் கேட்பவருக்கு அங்கத்தவர்களே பிணை நிற்பார்கள். அவருடைய மிளகுக் கொடி எத்தனை, மாடு எத்தனை, குடிக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் பிணை நிற்பவருக்குத் தெரியும். (வங்கி முகாமையாளருக்கு இது ஒருபோதும் தெரியாது.) கிராமச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம், ஒன்றியங்கள் சேர்ந்து சம்மேளனம். ஆகவே ஒன்றியத்தின் சார்பில் அரசாங்க அதிபர் முன்னால் அமர்பவர் உதவி கேட்டு வந்தவரல்லர். தம் மக்களின் பணத்தோடும் கணக்கோடும் வந்தவர்.

வெளிப்பணம் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு கண்டது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் வீட்டுக் கடன் கிராமந்தோறும் சென்றது. அதை வழங்குவதில் இச்சங்கங்களும் பங்கெடுத்தன. ஆனால் அத்திட்டத்தின் கடன்கள் பரவலாகத் திரும்பி வரவில்லை. அரசாங்கத்தின் காசுதானே என்ற எண்ணம் வந்துவிட்டால், அயலவர் பிணைக்கும் பெறுமதி இல்லாமல் போகிறது. பங்காளி என்ற பெயரில் வெறும் விநியோகஸ்தராகிவிடும் ஆபத்து எந்தச் சங்கத்துக்கும் உண்டு. திருச்சபை நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல என்பதே நமது கருத்து.

பெல்மதுளையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே கிராமமும் தோட்டமும் ஒரே பாதையோரத்தில் இருந்தாலும், நீண்ட காலம் இரண்டுக்கும் சட்டம் வேறாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. லயத்து மக்கள் வாக்களித்தார்கள். லயத்துப் பாதையைச் சபை திருத்தவில்லை. 2018இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே இன்று தோட்டத்திலிருந்து எழும்பிய குடும்பமும் பாதைக்கும் விளக்குக்கும் சபையிடம் கேட்கலாம். இதை அறியாதவர்கள் இன்னும் துரையின் கந்தோர் வாசலிலேயே நிற்கிறார்கள்.

எந்த வாசலில் எதைக் கேட்பது? இடம் ஆபத்தானதா என்று ஆராய்ந்து அறிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்த அறிக்கையின் பிரதி கையில் இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள். மாற்றுக் காணிக்குப் பிரதேச செயலகம். தோட்ட வீடு என்றால், அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியம். நமது பங்கின் சமூகப் பணிக்குழு கடிதம் எழுதவும் கூட்டத்தைக் கூட்டவும் துணை நிற்கலாம். ஆனால் கணக்குப் புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்.

இருபது குடும்பங்கள் இருந்தாலே தொடங்கலாம். வாரத்துக்கு ஐம்பது ரூபாய் என்றாலும் சேமியுங்கள். பெண் ஒருவர் பொருளாளராக இருப்பது நல்லது. தமிழ்க் குடும்பம், சிங்களக் குடும்பம் என்று இரண்டு சங்கம் வேண்டாம். சரிந்த மலை ஒன்றுதான். கேட்கும் பாதையும் ஒன்றுதான். அதிகாரிகளுடன் கூடும் முதற் கூட்டத்திலேயே, புதிய காணியின் உறுதி கணவன் பெயரிலா, மனைவி பெயரிலா, இருவர் பெயரிலுமா எழுதப்படும் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லி, பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.