உள்ளே ஆளில்லை என்றாலும்

கல்யாண மண்டபத்தின் மேல் ரீங்காரமிட்டபடி சுற்றும் ட்ரோனை இன்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. விமானி இல்லாமல் பறப்பதுதான் அதன் அதிசயம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வித்தை பழையது. பீரங்கி வீரர்கள் குறி பழகுவதற்காகப் பிரிட்டன் 1930-களிலேயே வானொலி அலையால் கட்டுப்படுத்தப்படும் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டது. சுட்டு வீழ்த்துவதற்கென்றே செய்த விமானம் எத்தனை நாள் உழைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே ஆளில்லை, விழுந்தால் விழட்டும் என்ற எண்ணம் அங்கேயே வேர்விட்டது. ஏபிரகாம் கரெம் என்ற விமானப் பொறியாளரின் வாழ்க்கை முழுவதும் அந்த எண்ணத்துக்கு எதிரான வாதம் என்றே சொல்லலாம்.

1937-இல் பாக்தாதில் பிறந்த கரெம், சிறுவயதிலேயே குடும்பத்துடன் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள டெக்னியன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தார். 1973 அரபு-இஸ்ரேல் போரின்போது இஸ்ரேல் விமானப்படைக்காகத் தம் முதல் ஆளில்லா விமானத்தை உருவாக்கினார். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போனார். அப்போது அமெரிக்கத் தரைப்படை நம்பியிருந்த அக்விலா என்ற ஆளில்லா விமானத்தை ஏவ முப்பது பேர் வேண்டும். அதுவும் சராசரியாக இருபது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்தது என்பது கரெம் சொன்ன கணக்கு. அவர் லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு விமானம் செய்தார். மூன்று பேர் போதும் அதை இயக்க. அதற்கு அவர் வைத்த பெயர் ஆல்பட்ராஸ்.

அந்தப் பெயருக்குள் ஒரு பாடமே இருக்கிறது. ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் பெரிய இனங்களுக்கு இறக்கை விரிப்பு மூன்று மீட்டரைத் தாண்டும். ஆனால் அகலம் மிகக் குறைவு. இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால்தான் விமானம் மேலெழுகிறது. ஆனால் இறக்கை நுனியில் கீழ்க்காற்று மேற்பக்கம் நழுவிச் சுழலாக மாறுகிறது. அந்தச் சுழல் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, எரிபொருளைத் தின்கிறது. மெதுவாகப் பறக்கும்போது இந்த இழப்பு இன்னும் அதிகம். இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால் இந்த நுனிக்கசிவின் பங்கு சுருங்கிவிடுகிறது. கரெமின் வடிவமைப்பு வழியில் பின்னாளில் வந்த பிரிடேட்டர் என்ற ஆளில்லா விமானத்தைப் பாருங்கள்: இறக்கை விரிப்பு ஏறக்குறைய 15 மீட்டர், வெற்று எடை அரை டன் அளவே, என்ஜின் சுமார் 115 குதிரைத்திறன். ஒரு காருக்குப் போதுமான என்ஜினைக் கொண்டு முழுதாக ஒரு நாள் வானில் நிற்க அந்த நீண்ட இறக்கைதான் வழிசெய்தது.

ஆல்பட்ராஸின் பறப்பைப் பார்த்து அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா பணம் கொடுத்தது. அப்படிப் பிறந்த ஆம்பர் என்ற விமானம், 1988-இல் 38 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறந்தது. ஆனாலும் 1990-இல் திட்டம் கைவிடப்பட்டது. கரெமின் நிறுவனம் நொடித்துப்போய் பின்னர் ஜெனரல் அட்டாமிக்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அங்கிருந்து 1994-இல் பறந்ததுதான் பிரிடேட்டர். செயற்கைக்கோள் தொடர்பும் ஜிபிஎஸ்ஸும் இல்லாவிட்டால் பிரிடேட்டர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அவை இல்லாமல் தொலைதூரக் கண்காணிப்பு நடந்திருக்காது. ஆனால் இருபது மணி நேரத்தில் விழுகிற விமானத்தில் எந்தக் கருவியைப் பொருத்தினாலும் அதுவும் சேர்ந்துதான் விழும். நின்று பறக்கும் உடல் முதலில் வேண்டும். கண்ணும் காதும் பிறகு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அந்த உடலின் மேல்தானே 2001-இல் ஏவுகணை ஏறியது? ஏறியது. ஏவுகணை பொருத்தியவர் தாம் அல்ல, மனிதர் செல்லும் விமானத்துக்குரிய பாதுகாப்பும் நம்பகமும் ஆளில்லா விமானத்துக்கும் வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று கரெம் சொல்லியிருக்கிறார். இந்தப் பதில் போரின் பொறுப்பைக் கரைத்துவிடாது; எதை யார்மேல் ஏவுவது என்று முடிவெடுத்தவர்கள் அதைச் சுமந்தே ஆகவேண்டும். ஆனால் அவர் வற்புறுத்திய தரம் ஆயுதத்தோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. வயலுக்கு மருந்து தெளிக்கவும் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடவும் ட்ரோன்கள் வந்துவிட்ட காலத்தில், மலிவாகச் செய்து விழுந்தால் வேறொன்று வாங்கலாம் என்ற பழைய அலட்சியம் திரும்பக் கூடாது. விமானத்துக்குள் ஆளில்லை என்பது உண்மைதான். அது பறக்கும் வயலிலும் தெருவிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.