ஓர் அங்குலத்தில் ஒரு முகம்... கண் திறக்கும் கொலு பொம்மைகள்!

நவராத்திரி நெருங்கினால் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கிவிடும். சுற்றி வைத்த பழைய வேட்டித் துணியைப் பிரித்தால் செட்டியார் தம்பதி, தசாவதாரம், கல்யாண செட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். திருவாரூர்க்காரர்களுக்குத் தனிப் பாசம் உள்ள செட் ஒன்று உண்டு. சங்கீத மும்மூர்த்திகள்! சியாமா சாஸ்திரி (1762), தியாகராஜர் (1767), முத்துசுவாமி தீட்சிதர் (1775) மூவரும் பிறந்த ஊர் ஆயிற்றே. உலகத்துக்கு அவர்கள் இசை மேதைகள். இந்த ஊருக்கோ நம் தெருப் பிள்ளைகள்.

துணியைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பொம்மையின் முகத்தைத்தான். கை உடைந்தால் ஒட்டிவிடலாம். சரிகைக் கரை மங்கினால் பூசிவிடலாம். முகம் அழிந்தால்?

யாரும் பார்க்காத முகம்

புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானது 1839-ல். சியாமா சாஸ்திரி 1827-லும், தீட்சிதர் 1835-லும் மறைந்துவிட்டார்கள். 1847 வரை வாழ்ந்த தியாகராஜரையும் எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. இன்று நம் மனதில் இருக்கும் மும்மூர்த்திகளின் உருவத்துக்கு, பாடகரும் ஓவியருமான எஸ்.ராஜம் (1919–2010) வரைந்த படங்களின் பங்கு பெரிது. வீணை எஸ்.பாலசந்தரின் அண்ணன் இவர்.

பொம்மைக் கலைஞருக்குச் சிக்கல் இங்கேதான். மூவருமே உட்கார்ந்த கோலம், கழுத்தில் ருத்திராட்சம், மேலே அங்கவஸ்திரம். தம்புராவும் வீணையும் ஆளை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால், ஒரே முகத்தை மூன்று உடம்பில் வைத்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நெற்றியில் என்ன இட்டிருக்கிறார், கன்னம் ஒட்டியதா சதைப்பிடிப்பா, பார்வை எங்கே என்பதில்தான் ஒருவர் மூவராகிறார்.

வெள்ளை விழி வெள்ளை அல்ல!

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி ஆகியவை கொலு பொம்மைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். களிமண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சில் அழுத்தி ஒட்டி, நிழலில் காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். காகிதக்கூழ் பொம்மைக்குச் சூளை வேண்டாம், வெயில் போதும். பிறகு உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை அடித்து, உடல் நிறத்தை ஸ்பிரே செய்வார்கள். புடவை, நகை எல்லாம் பல கைகள் மாறும். முகம் மட்டும் அனுபவப்பட்ட கைக்குப் போகும். அதிலும் கண் கடைசியில்.

அரையடி பொம்மைக்கு முகம் ஓர் அங்குலம்தான். அதில் கண், அரிசி மணி அளவு. விழிக்குச் சுத்த வெள்ளை பூசினால் பொம்மை முறைக்கும். அதனால் துளி மஞ்சளோ பழுப்போ கலப்பார்கள். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் பயந்த பார்வை வந்துவிடும். மேல் இமை அதைக் கொஞ்சம் மறைக்க வேண்டும். இமைக்கோட்டுக்கும் கறுப்பைவிட அடர் பழுப்பு இயல்பாக இருக்கும். கைக்குச் சிரமமான பக்கத்துக் கண்ணை முதலில் எழுதிவிட்டால், அடுத்ததை அதற்கு இணையாக எழுதுவது சுலபம். ஒரு மயிரிழை விலகினாலும் மாறுகண். கடைசியாகக் கருவிழியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. அதுவரை மண்ணாக இருந்தது, நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும்!

அச்சு பழசாகத் தேய்ந்தால் இமை மடிப்பு மழுங்கிப்போகும். அப்போது அச்சு செய்ய வேண்டிய வேலையையும் தூரிகையே செய்ய வேண்டும். இவ்வளவு நேரம் எடுக்கும் இந்த வேலைக்குக் கடையில் தனி விலை இல்லை. பெரிய பொம்மைக்கு அதிக விலை, சின்ன பொம்மைக்குக் குறைந்த விலை என்பதுதான் நம் கணக்கு. நல்ல முகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கினால், நின்று நிதானமாகக் கண் எழுதும் கைகள் குறைந்துகொண்டேதான் போகும்.

வாங்கும்போது கவனியுங்கள்

* பொம்மையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.
* உதட்டுச் சாயம் வாய்க்கோட்டைத் தாண்டி வழியக் கூடாது.
* செட்டில் உள்ள முகங்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

பாட்டி பொம்மைக்குப் புது முகமா?

மங்கிய பொம்மைக்கு எனாமல் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவசரப்படாதீர்கள். கெட்டியான பெயின்ட் மூக்கு, இமை மடிப்புகளை மூடிவிடும். அடியில் இருக்கும் பழைய கண்ணும் திரும்பக் கிடைக்காது. ஈரத்துணியும் வேண்டாம், பழைய பொம்மைகளில் பசை கலந்த வண்ணம் கரைந்து வந்துவிடலாம். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டினாலே பாதி முகம் தெளிந்துவிடும். அவசியம் என்றால், முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டுவிடுங்கள். கண்ணில் கைவைக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

திருவாரூர் தியாகேசரின் பாத தரிசனம் பங்குனி உத்திரத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும்தான். மற்ற நாளெல்லாம் முகம் பார்த்தே மனம் நிறைந்து திரும்புகிற ஊர் இது. கொலுப் படியிலும் அப்படித்தான். பாட்டி பார்த்துப் பார்த்துப் பழகிய அந்த மங்கிய முகமே, பேத்திக்கும் மும்மூர்த்திகளை அறிமுகம் செய்து வைக்கட்டும்!