வீழ்பவனைக் கண்டு நகைக்கலாமா?

சிலுவைப் பாதையில் மும்முறை விழுந்த ஆண்டவரை வணங்குவோர் நாம். ஒருவன் இடறி விழக் கண்டு நகைப்பது நமக்குத் தகுமா? இவ்வையத்திற்குச் சார்லி சாப்ளினின் இரு நகைச்சுவைப் படங்கள் விடை பகர்கின்றன.

1921-இல் வெளிவந்த 'தி கிட்' படத்தில், கந்தலாடை அணிந்த ஏழையொருவன் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கிறான். சிறுவன் கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைப்பான். புதுக் கண்ணாடி பொருத்த இவன் வந்து நிற்பான்! நாம் சிரித்து ஓய்வதற்குள், அதிகாரிகள் சிறுவனை அநாதை விடுதிக்கு வண்டியேற்றுகின்றனர். கூரைகளின்மேல் ஓடி அவனை மீட்கும் தந்தையுள்ளம் நம் கண்களைக் கலங்கச் செய்கிறது. 1896-இல், ஏழு வயதில், இலண்டன் ஏழையர் விடுதியில் சேர்ந்து, தாயைப் பிரிய நேர்ந்தவரன்றோ சாப்ளின்!

1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்திலோ, ஓயாது மறை முடுக்கும் ஆலைத் தொழிலாளி நிலைகுலைகிறான். உணவு இடைவேளையை ஒழிக்க வந்த ஊட்டும் இயந்திரம் அவனைப் படுத்தும் பாடு வயிறு குலுங்க வைக்கும், சிந்திக்கவும் வைக்கும். திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது.

இரண்டிலும் விழுபவன் ஏழையே. ஆயினும் நகைப்புக்குள்ளாவது அவன் வறுமையன்று. அவனை வீழ்த்தும் கல்நெஞ்சமே. அவனோ விழுந்தோறும் எழுகிறான்.

பெற்றோரே, ஒரு விடுமுறை மாலையில் இவ்விரண்டையும் பிள்ளைகளோடு அமர்ந்து அடுத்தடுத்துக் காணுங்கள். மூன்று மணி நேரத்திற்குள் இரண்டும் முடிந்துவிடும்; பேச்சு மிகக் குறைவாதலால் மொழியும் தடையாகாது. பின்னர் இரவுச் செபத்தில், நம் தெருவில் விழுந்து கிடப்பவர் யாரெனப் பிள்ளைகளைக் கேளுங்கள்.